பக்கவாதம்: வீட்டுக்கு அனுப்பிய பிறகு

பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். ஸ்கேன் முடிவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கொடுத்த ஊசிகள், இனி சாப்பிட வேண்டிய மாத்திரைகள் என்று பக்கம் நிறைய விவரம் இருக்கும். பெரும்பாலும் கடைசியில்தான் அந்த ஒரு வரி வரும்: ‘பிசியோதெரபி தொடரவும்’. எந்தப் பயிற்சி, நாளுக்கு எவ்வளவு நேரம், யாரிடம், எத்தனை மாதம், கை எந்த அளவுக்கு மீளும் என்று எதிர்பார்க்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்காது. இனி அவர் தன் கையால் சாப்பிடுவாரா, சட்டை மாட்டுவாரா, தொழிலுக்குத் திரும்புவாரா என்பதைத் தீர்மானிக்கப்போகும் வேலை முழுவதையும் அந்த ஒரு வரியில் அடக்கிக் குடும்பத்தின் கையில் கொடுத்துவிடுகிறோம்.

முதல் சில மணி நேரத்தைப் பற்றி நம்மிடையே இப்போது ஓரளவு விழிப்பு வந்திருக்கிறது. முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108ஐக் கூப்பிட வேண்டும் என்பது பலருக்குத் தெரிகிறது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. இந்த அவசரம் முழுக்க நியாயமானது. ஆனால், ஊசி போட்டும் கை வராதவர்கள் இருக்கிறார்கள். ஊசி போடும் நேரத்தைத் தாண்டி வந்து சேர்பவர்களும் நிறையவே இருக்கிறார்கள். உயிர் பிழைத்து, ஒரு பக்கம் தளர்ந்து வீடு திரும்பும் இவர்களுக்கு அடுத்த மூன்று மாதங்கள் அந்த நாலரை மணி நேரத்துக்குக் குறையாத அவசரம் கொண்டவை. அந்த மாதங்களில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது கடந்த 30, 35 ஆண்டுகளில் பெருமளவு தெரியவந்துவிட்டது. தெரிந்ததற்கு ஏற்ப நம் சிகிச்சை முறை மாறவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கையை அசைக்கும் கட்டளை மூளையின் மேற்பட்டையில் உள்ள இயக்கப் பகுதியிலிருந்து கிளம்புகிறது. 1930களில் மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், விழித்திருந்த நோயாளிகளின் மூளையை லேசான மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு, எந்த இடம் எந்த உறுப்பை அசைக்கிறது என்று வரைபடம் போட்டார். உடம்பின் நடுப்பகுதி முழுவதற்கும் அதில் சிறு இடம்தான். விரல்களுக்கும் உதட்டுக்கும் மிகப் பெரிய இடம். இந்தப் பகுதியிலிருந்து புறப்படும் நரம்பிழைகள் மூளையின் ஆழத்தில் ஒரு குறுகலான இடத்தில் கட்டாகச் சேர்ந்து, முகுளத்தின் அடியில் பெரும்பாலும் பக்கம் மாறி, தண்டுவடத்துக்குள் இறங்குகின்றன. இடப்பக்க மூளையில் அடைப்பு வந்தால் வலக்கை தளர்வது இதனால்தான். மேற்பட்டையில் ஏற்படும் ஒரு சேதம் விரல்களை மட்டும் பாதித்துவிட்டு நின்றுவிடலாம். அதைவிடச் சிறிய சேதம் இழைகள் ஒன்றுசேரும் அந்தக் குறுகலில் விழுந்தால் முகம், கை, கால் மூன்றையுமே கொண்டுபோய்விடும். ‘ஸ்கேன்ல சின்ன அடைப்புன்னுதானே சொன்னாங்க, ஏன் இன்னும் கை வரல?’ என்று வீட்டில் உள்ளவர்கள் தவிப்பதற்குக் காரணம் பல சமயம் இதுதான். அளவு சிறிதாக இருந்தாலும் இடம் மோசமான இடம்.

முதல் சில வாரங்களில் கொஞ்சம் தானாகவே திரும்பும். சேதத்தைச் சுற்றியுள்ள வீக்கம் வடிகிறது. சேதமான பகுதியோடு தொடர்புள்ள தொலைவான பகுதிகளும் செத்துப்போகாமலேயே சில காலம் வாயடைத்துக் கிடக்கும் என்று கான்ஸ்டான்டின் ஃபான் மோனாகோவ் என்ற நரம்பியல் அறிஞர் 1914இலேயே எழுதினார். அவை மெல்ல விழிக்கின்றன. அப்படித் திரும்புவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. 1951இல் தாமஸ் ட்விட்செல் 121 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து அதை எழுதிவைத்தார். முதலில் துவண்டு கிடக்கும் கை பிறகு இறுக்கம் கொள்கிறது. தோளில் அசைவு வருகிறது, முழங்கை மடங்குகிறது, விரல்கள் மூடுகின்றன. விரல்களை விரிப்பதும், ஒவ்வொரு விரலையும் தனித்தனியே அசைப்பதும்தான் கடைசி. பலருக்கு அது வருவதே இல்லை.

‘கால் வந்துருச்சு, கைதான் வரல’ என்று ஊர் ஊராகக் கேட்கும் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் காரணமும் இதனோடு சேர்ந்ததே. மேற்பட்டையிலிருந்து நேராக இறங்கும் பாதையைக் குரங்குகளில் துண்டித்துப் பார்த்த லாரன்ஸ், கைப்பர்ஸ் இருவரின் 1968ஆம் ஆண்டு ஆய்வில், அந்தக் குரங்குகள் சில வாரங்களில் ஓடின, ஏறின, கம்பியைப் பிடித்துத் தொங்கின. ஒரு விரலைத் தனியே அசைக்க மட்டும் அவற்றால் முடியவில்லை. ஓடவும் ஏறவும் மூளைத்தண்டிலிருந்து இறங்கும் பழைய பாதைகள் போதும். பக்கவாதத்துக்குப் பிறகு கைகொடுப்பவையும் அவையே. அந்தப் பாதைகள் மடக்கும் தசைகளுக்குக் கொடுக்கும் பலத்தை விரிக்கும் தசைகளுக்குக் கொடுப்பதில்லை என்று நியூகாசிலில் ஸ்டூவர்ட் பேக்கர் குழுவினர் 2012இல் காட்டினார்கள். ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து ‘அழுத்து, அழுத்து’ என்று சொல்லும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூடுவது எப்படியும் வரும். உழைத்துப் பெற வேண்டியது திறப்பது.

இனி மூளையின் செயல்பாட்டுக்கு வருவோம். 1991இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஃபிரான்சுவா ஷோலேவும் சகாக்களும், பக்கவாதத்திலிருந்து மீண்ட சிலரைப் படுக்கவைத்து, மீண்ட கையின் கட்டைவிரலை மற்ற விரல்களோடு மாற்றி மாற்றித் தொடச் சொல்லி, மூளைக்குள் ரத்த ஓட்டம் எங்கே கூடுகிறது என்று அளந்தார்கள். நல்ல கையை அசைத்தபோது எதிர்ப்பக்க மூளை மட்டும் சுறுசுறுப்பானது. மீண்ட கையை அசைத்தபோதோ இரு பக்கமும் விழித்துக்கொண்டன. சேதமில்லாத பாதி மூளையும் வேலைக்கு வந்து நின்றது. அன்று இது பெரும் நம்பிக்கை தந்த செய்தி. ஒரு பக்கம் போனால் மறுபக்கம் பொறுப்பேற்றுக்கொள்ளும் என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள்.

அவ்வளவு எளிதாக இல்லை. 2003இல் நிக் வார்டும் சகாக்களும் நோயாளிகளை முதல் இரண்டு வாரம் தொடங்கி ஆறு மாதம்வரை திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்தார்கள். தொடக்கத்தில் மூளையின் இரு பக்கமும் பல பகுதிகள் பரபரத்தன. கை தேறத் தேற, அந்தப் பரபரப்பு அடங்கிக்கொண்டே வந்தது. நன்றாக மீண்டவர்களின் மூளை ஏறக்குறைய ஆரோக்கியமானவரின் மூளையைப் போலவே வேலை செய்தது; பழைய பக்கத்தின் மிச்சமிருந்த பகுதியே மீண்டும் முன்னுக்கு வந்தது. மேஸ்திரி வராத நாளில் கட்டட வேலையில் ஆளாளுக்குக் குரல் கொடுப்பார்கள், சத்தம் கூடும், சுவர் ஏறாது. அவர் வந்து நின்றால் நாலு பேர் வேலையை இரண்டு பேர் முடிப்பார்கள். அப்படித்தான் இது. ஸ்கேனில் தெரியும் அதிகப் பரபரப்பு மூளை தவிக்கிறது என்பதன் அடையாளம். குறைவான பகுதிகள் குறைவான முயற்சியில் செய்து முடிப்பதுதான் தேறியதன் அடையாளம். முக்கியப் பாதை அடியோடு போய்விட்டவர்களுக்கு மட்டும் அந்த விரிந்த செயல்பாடே நிலைத்துவிடுகிறது. மிச்சமிருக்கும் அசைவுக்கு அதுவே துணை.

அந்த முயற்சி எத்தகையது என்பதை உள்ளிருந்து எழுதியவர் ஒருவர் உண்டு. நார்வேயின் ஆல்ஃப் புரோடால் நரம்பு உடற்கூறியல் பேராசிரியர். மூளையின் பாதைகளைப் பற்றி உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் படித்த பாடநூலை எழுதியவர். 1972 ஏப்ரலில், 62 வயதில், அவருக்கே பக்கவாதம் வந்து இடப்பக்கம் தளர்ந்தது. அடுத்த ஆண்டு ‘பிரெய்ன்’ ஆய்விதழில் தன்னையே நோயாளியாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். தளர்ந்த தசையை அசைக்க மனத்தின் பலத்தையெல்லாம் திரட்ட வேண்டியிருந்தது, மிகச் சில அசைவுகளிலேயே களைத்துப்போனேன் என்று அதில் பதிவு செய்கிறார். பல்லாண்டு பழக்கமான போ-டையைக் கட்டும்போது விரல்களுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் போனதையும் சொல்கிறார். அசைவுகளின் சங்கிலியில் ஒரு கண்ணி தாமதித்தாலே மொத்தமும் அறுந்துவிடுகிறது. இன்னொன்றும் கவனித்தார்: பிசியோதெரபிஸ்ட் தன் கையைப் பிடித்து அந்த அசைவைச் சில முறை செய்துகாட்டிய பிறகு, தானாகச் செய்வது சற்றே எளிதானது. ‘சோம்பல்படுறார், மனசு வெச்சா செய்யலாம்’ என்று நோயாளியைக் கடிந்துகொள்ளும் வீடுகளில் இந்தக் கட்டுரையைப் படித்துக்காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். சோம்பலாக வெளியே தெரிவது உள்ளே ஒரு மலையைத் தள்ளும் உழைப்பு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் சேர்ந்துகொள்கிறது. அதற்குத் தனியே சிகிச்சை தேவை.

மிச்சமிருக்கும் மூளை எந்தப் பக்கம் திரும்பும் என்பதைத் தீர்மானிப்பது பயன்பாடு. இதை ஐயமில்லாமல் காட்டியது 1996இல் ராண்டால்ஃப் நூடோ குழுவினரின் ஆய்வு. அணில் குரங்குகளின் மூளையில் கைக்கான பகுதியில் ஒரு சிறு இடத்தை மட்டும் செயலிழக்க வைத்தார்கள். பயிற்சி எதுவும் தராமல் விட்ட குரங்குகளில், சேதமாகாமல் தப்பிய அக்கம்பக்கக் கைப் பகுதியும் சுருங்கிப்போனது. நல்ல கையைக் கட்டிவைத்து, சிறு குழிகளிலிருந்து உணவு உருண்டையை எடுக்கத் தினமும் பழக்கிய குரங்குகளில் அந்தப் பகுதி காப்பாற்றப்பட்டது. சிலவற்றில் முழங்கை, தோள் பகுதிகளின் இடத்துக்குள்ளும் அது பரவியது. சும்மா விட்டால், மூளையில் கைக்கென்று மிஞ்சிய இடமும் கைவிட்டுப் போகிறது.

நம் வீடுகளில் நடப்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு வலக்கை வரவில்லை என்றால் மகள் ஊட்டிவிடுகிறாள். மருமகன் செருப்பை மாட்டிவிடுகிறார். பேரன் டம்ளரை இடக்கையில் கொடுக்கிறான். எல்லாம் பாசம். அந்தப் பாசத்தின் நடுவில் வலக்கை மடியில் கிடக்கிறது. எட்வர்டு டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் ‘பழகிப்போன பயன்படுத்தாமை’ என்று விளக்கினார். தொடக்கத்தில் கையால் முடியாது. முயன்று தோற்றுத் தோற்று நோயாளி அதை மறந்துவிடுகிறார். பிறகு கைக்குத் திறன் திரும்பினாலும் அவர் அதைக் கேட்பதில்லை. டாப் இதைக் கண்டது குரங்குகளின் கை நரம்புகளைத் துண்டித்த ஆய்வுகளில். 1981இல் அந்த ஆய்வகத்தில் போலீசார் நுழைந்து விலங்குவதை வழக்குத் தொடுத்தார்கள். அமெரிக்காவின் விலங்குரிமை இயக்கத்தையே வளர்த்துவிட்ட வழக்கு அது. அந்தக் குரங்குகள் பட்டது கொடுமை. அந்த ஆய்வுகளிலிருந்து பிறந்த சிகிச்சை பிறகு மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது. 2006இல் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதமான 222 பேர் பங்கேற்றார்கள். சிகிச்சை பெற்றவர்களின் நல்ல கைக்கு விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி கையுறை மாட்டி, தளர்ந்த கையை மட்டும் கொண்டு இரண்டு வாரம் தீவிரமாகப் பழக்கினார்கள். ஓராண்டு கழித்தும் அவர்களின் கை மற்றவர்களின் கையைவிட நன்றாக வேலை செய்தது. விரலும் மணிக்கட்டும் கொஞ்சமாவது விரிந்தவர்களுக்கே இந்த முறை பொருந்தும். துளியும் அசையாத கையை வைத்துக்கொண்டு நல்ல கையைக் கட்டிப்போடுவது வதை.

பயிற்சி என்பது என்ன என்பதை ஒரு பிசியோதெரபி அறையில் உட்கார்ந்து பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய தையல்காரர், தளர்ந்தது வலக்கை. மேசையில் ஒரு கிண்ணம் நிறையச் சட்டைப் பொத்தான்கள், பக்கத்தில் காலித் தட்டு. ஒரு பொத்தானை எடுத்துத் தட்டில் போட வேண்டும். அவர் முயன்றதும் முதலில் எழுந்தது தோள். பிறகு உடம்பே முன்னால் சாய்ந்தது. கை கிண்ணத்தின் மேல் போய் நின்றதும் விரல்கள் விரிவதற்குப் பதில் இறுகின. தெரபிஸ்ட் சின்னப் பெண். அவர் தோளில் விரலை வைத்து, “அப்பா, தோளைத் தூக்காதீங்க. உடம்பு சாயக் கூடாது. முழங்கைய மட்டும் நீட்டுங்க” என்றாள். “நீட்டுனா கை மூடிக்குதும்மா” என்றார். கிண்ணத்தை ஒரு சாண் கிட்டே நகர்த்தி, அவர் மணிக்கட்டைக் கீழிருந்து தாங்கிக்கொண்டாள். இப்போது ஆள்காட்டி விரல் மட்டும் நடுங்கிப் பிரிந்தது. பொத்தான் வழுக்கியது, மறுபடி வழுக்கியது, பிறகு விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் சிக்கியது. தட்டில் விழுந்த சத்தம் கேட்டதும் அவள் கிண்ணத்தை ஒரு விரற்கடை தள்ளிவைத்தாள். சற்றே கடினமாக்கினாள். அந்த விரற்கடைத் தூரத்தில்தான் அவள் படித்த படிப்பு இருக்கிறது. உடம்பைச் சாய்த்துத் தோளைத் தூக்கி எப்படியோ எடுத்துவிட விட்டிருந்தால் வேலை நடந்திருக்கும். மூளை அந்தக் குறுக்குவழியைக் கற்றுக்கொண்டிருக்கும்.

ஆனால் ஒரு பொத்தான் போதாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட சிகிச்சை அமர்வுகளைக் கவனித்த கேத்தரின் லாங் குழுவினர் 2009இல் எழுதியது இது: ஓர் அமர்வில் நோயாளி தளர்ந்த கையால் உருப்படியாகச் செய்த அசைவுகள் சராசரியாக 32. விலங்குகளில் மூளை மாறுவதற்குத் தேவைப்பட்டதோ நாளொன்றுக்குச் சில நூறு. வசதி மிகுந்த நாடுகளின் நிலையே இப்படி. வாரத்துக்கு இரண்டு முறை பஸ் ஏறி வந்து, வரிசையில் காத்திருந்து, கரண்ட் வைத்துவிட்டு, கையை நாலு முறை மேலும் கீழும் ஆட்டிவிட்டு அனுப்பப்படும் நம் நோயாளிக்கு என்ன கிடைக்கும்? வீட்டில் எண்ணெய் போட்டு உருவிவிடுவதும் இதே கணக்கில் சேர்ந்ததுதான். மூட்டு இறுகாமல் இருக்க அது உதவும். நோயாளி கண்ணை மூடிப் படுத்திருக்க இன்னொருவர் கையை ஆட்டினால் மூளையிடம் எதுவும் கேட்கப்படவில்லை என்று பொருள். புரோடாலுக்கு உதவியது, அவரும் சேர்ந்து முயன்றுகொண்டிருந்தபோது வந்த துணை. இன்னொன்றையும் வீட்டார் கவனிக்க வேண்டும்: தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து நோயாளியைத் தூக்கிவிடக் கூடாது. தோள் மூட்டு நழுவிவிடும். அந்த வலி பல மாதப் பயிற்சியைக் கெடுக்கும்.

எப்போது தொடங்குவது என்பதிலும் ஆய்வுகள் தெளிவாகப் பேசுகின்றன. சீக்கிரம் நல்லதுதான், ஆனால் முதல் நாளே உலுக்கி எழுப்புவது நல்லதல்ல. மலேசியா, சிங்கப்பூர் உட்பட ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், முதல் 24 மணி நேரத்திலேயே அதிக அளவு எழுப்பி நடக்கவைத்தவர்களின் நிலை, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிடச் சற்று மோசமாகவே இருந்தது. 2021இல் அமெரிக்காவில் 72 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வில், வழக்கமான சிகிச்சைக்கு மேல் 20 மணி நேரக் கைப்பயிற்சியை ஒரு குழுவுக்கு முதல் மாதத்திலும், ஒரு குழுவுக்கு இரண்டு மூன்று மாதத்திலும், ஒரு குழுவுக்கு ஆறு மாதம் கழித்தும் கொடுத்தார்கள். மிகுந்த பலன் பெற்றது இரண்டு மூன்று மாதக் குழு. அடுத்தது முதல் மாதக் குழு. அதே 20 மணி நேரம் ஆறு மாதம் கழித்து வந்தபோது குறிப்பிடத்தக்க பலன் இல்லை. மூளை கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கும் அந்த நாட்களில் நம் நோயாளி எங்கே இருக்கிறார்? வீட்டுக் கட்டிலில். அடுத்த ரிவ்யூ ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு.

குறுக்குவழிகளில் நம்பிக்கை வைப்பது மனித இயல்பு. புறா ரத்தம் தடவினால் கை வரும் என்று அலைபவர்களைப் படிக்காதவர்கள் என்று ஒதுக்கிவிடுகிறோம். நவீன மருத்துவமும் குறுக்குவழியைத் தேடித்தான் பார்த்தது. மனச்சோர்வுக்கான ஃப்ளுவாக்சடின் மாத்திரை கை அசைவைக் கூட்டுகிறது என்று 2011இல் பிரான்சில் 118 பேரிடம் நடந்த ஆய்வு சொன்னபோது உலகமே மகிழ்ந்தது. பிரிட்டனில் 3,127 பேரிடம் சோதித்தபோது பலன் இல்லை. எலும்பு முறிவுகள்தான் கூடின. எந்திரக் கைகளை வைத்து பிரிட்டனில் 770 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்விலும், வழக்கமான கவனிப்பைவிடக் கையின் செயல்திறன் கூடவில்லை. கோடிகள் கொடுத்து ரோபோ வாங்கித் திறப்பு விழா நடத்துவதற்கு முன் மருத்துவமனைகள் இந்த முடிவைப் படிக்க வேண்டும். மாறாக, ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி உதவுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், இழந்த கையில் வலி உணர்பவர்களுக்காக உருவாக்கிய முறை அது. நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையை அசைத்து, அதன் பிம்பத்தைத் தளர்ந்த கையாகப் பார்ப்பது. 1999இல் அவரும் எரிக் ஆல்ட்ஷூலரும் வேறு சிலரும் இதைப் பக்கவாத நோயாளிகள் ஒன்பது பேரிடம் சோதித்தார்கள். பிறகு நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் கை அசைவுக்கு ஓரளவு நன்மை உண்டு என்பது உறுதியானது.

‘அப்படியென்றால் வீட்டில் இருப்பவர்களுக்கே கற்றுக்கொடுத்துவிடலாமே, ஆள் பற்றாக்குறை தீருமே’ என்ற யோசனை எளிதில் வரும். இந்தியாவிலேயே அதைச் சோதித்துவிட்டார்கள். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் பாண்டியன் முதலானோர் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு அது. குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் செய்யச் சொன்னார்கள். 2017இல் வெளியான முடிவு: ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறர் துணையில் வாழ்பவர்களும் இரு பிரிவிலும் 47 சதவீதம். எந்த வேறுபாடும் இல்லை. என்னைப் பொறுத்தவரை, மறுவாழ்வுச் சிகிச்சை பற்றி நம் நாட்டில் நடந்த ஆய்வுகளில் மிக முக்கியமானது இதுதான். ஏனென்றால் நாம் கேட்க விரும்பாத விடையை அது சொன்னது. பொத்தான் கிண்ணத்தை எப்போது கிட்டே வைப்பது, எப்போது தள்ளிவைப்பது என்று தெரிந்த ஒருவர், தொடர்ந்து, நீண்ட நேரம் நோயாளியோடு இருக்க வேண்டும். குடும்பம் அவருக்குத் துணை. அவருடைய இடத்தில் குடும்பத்தை உட்காரவைக்க முடியாது.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் ஒரு மரபும் ஒரு வாய்ப்பும் இருக்கின்றன. விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்தபடியே வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தெடுத்த மேரி வர்கீஸ் வாழ்ந்த மாநிலம் இது. 1966இலேயே அங்கே மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. சென்னை கே.கே. நகரில் அரசின் மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. இதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். நாட்டில் வேறு எங்கும் எளிதில் காண முடியாத ஏற்பாடு. ஆனால் கிராமம் கிராமமாகப் போகும் ஒரு தெரபிஸ்ட், முழங்கால் தேய்ந்தவர், படுக்கையில் கிடப்பவர், பிறவிக் குறைபாடுள்ள குழந்தை எல்லோரையும் பார்த்துவிட்டுப் பக்கவாத நோயாளிக்குக் கொடுக்கக்கூடிய நேரம் எவ்வளவு? பக்கவாதம் வந்த முதல் மூன்று மாதக்காரர்களைத் தனிப் பட்டியலாக்கி, அவர்களுக்கு மட்டும் வாரத்தில் ஐந்து நாளாவது பயிற்சி கிடைக்கும்படி ஆட்களைக் கூட்ட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துவர வண்டி வைத்தாலும் சரி, வட்ட மருத்துவமனையில் படுக்கை ஒதுக்கினாலும் சரி. ஸ்கேனுக்குச் செலவழிக்கும் அரசும் காப்பீடும் இதற்கும் செலவழிக்கத்தான் வேண்டும். பெரும்பாலான காப்பீடுகள் படுத்திருக்கும் நாட்களுக்குப் பணம் தருகின்றன. எழுந்து நடக்கப் பழகும் நாட்களைக் கண்டுகொள்வதில்லை. தனியாரில் தினமும் தெரபிஸ்ட்டை வீட்டுக்கு வரவழைப்பது கூலி வேலை செய்யும் குடும்பத்தால் ஆகிற காரியமல்ல. நோயாளி பெண்ணாக இருந்தால் இன்னும் மோசம். அவரைத் தினமும் அழைத்துப்போக வேலையை விட்டுவிட்டு வருபவர் யார்? ‘கொஞ்சம் நடமாடுறாங்களே, போதும்’ என்று முதலில் நிறுத்தப்படுவது வீட்டுப் பெண்களின் சிகிச்சைதான்.

செலவே இல்லாத ஒரு மாற்றத்தை உடனே செய்யலாம். நெதர்லாந்தில் 2010இல் வெளியான ஆய்வு ஒன்று மிக எளிய சோதனையைக் காட்டியது. பக்கவாதம் வந்த இரண்டாம் நாளில் கையைப் பக்கவாட்டில் கொஞ்சமாவது தூக்கி, விரலையும் கொஞ்சமாவது விரிக்க முடிந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் கையின் வேலைத்திறன் ஓரளவு திரும்பும் வாய்ப்பு 98 சதவீதம். இரண்டும் முடியாதவர்களுக்கு 25 சதவீதம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் குழுவினர் இதே சோதனையை முதல் படியாக வைத்து, அதில் தேறாதவர்களுக்கு மட்டும் மூளையைக் காந்தத்தால் தூண்டி, பாதை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொருவருக்கும் பயிற்சியின் இலக்கைத் தீர்மானிக்கிறார்கள். காந்தக் கருவி நம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு உடனே வராமல் போகலாம். தோளையும் விரலையும் பார்க்கக் கண் போதும். மூன்றாம் நாளுக்குள் பார்த்ததை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதினால், அடுத்து எவரிடம் போனாலும் எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியும். குடும்பமும் பொய்யான நம்பிக்கையிலோ வீணான விரக்தியிலோ விழாது.

ஏற்கெனவே காலம் கடந்துபோனவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் ஆனவர்கள். ‘இனி இவ்வளவுதான்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள். லண்டன் குவீன் ஸ்கொயரில் நிக் வார்டு நடத்தும் கைப்பயிற்சித் திட்டத்தில், நோய் வந்து சராசரியாக 18 மாதம் ஆனவர்கள் மூன்று வாரத்தில் 90 மணி நேரம் பழகுகிறார்கள். 224 பேரின் முடிவுகள் 2019இல் வெளியாயின. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு அது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலானோரின் கை தேறியது, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. அமெரிக்க ஆய்வில் 20 மணி நேரம் பலன் தராத கட்டத்தில் 90 மணி நேரம் பலன் தந்திருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றாக இப்படி மூன்று வார முகாமை, ஆண்டுக்கு நான்கு முறை, மருத்துவக் கல்லூரிகளோடும் பிசியோதெரபிக் கல்லூரிகளோடும் சேர்ந்து நடத்த முடியும். இறுதியாண்டு மாணவர்களுக்கு அதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. யாரை அழைப்பது என்று தேடி அலைய வேண்டியதுமில்லை. ரத்த அழுத்த மாத்திரை கொடுக்க மாதந்தோறும் வீட்டுக்குப் போகும் தன்னார்வலருக்கு, எந்தத் தெருவில் யாருக்குக் கை வரவில்லை என்பது தெரியும். அடுத்த முறை போகும்போது விரலைச் சற்று விரித்துக் காட்டச் சொல்லி, அதை அவர் குறித்துக்கொண்டு வரட்டும்.